ஐந்து ஸ்டார் காரும் ஒரு கறுப்புக் கிளிப்பும்

போன வாரம் பார்த்ததோடு சேர்த்து, சீட் பெல்ட் கிளிப்போடு என்னிடம் வந்ததில் இந்த வருடம் இது நான்காவது கார். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, எங்கே எவ்வளவு சேதம், சரிசெய்ய முடியுமா, டோட்டல் லாஸ்தானா என்று அறிக்கை எழுதும் சர்வேயர் நான். என்னிடம் வரும்போது காருக்குள் ஆள் இருக்க மாட்டார். ஆனால் ஆள் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதைக் கார் சொல்லிவிடும்.

இந்தக் காருக்கு முன்பக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. பானெட் கூடாரம் மாதிரி மடிந்து நிற்கிறது, ரேடியேட்டர் எஞ்சினோடு ஒட்டிக்கிடக்கிறது. ஆனால் நான்கு கதவும் ஒரு கையால் திறந்தன. முன்தூண் நேராக நிற்கிறது. டாஷ்போர்டு அதன் இடத்தில் இருக்கிறது. பெடல் உள்ளே ஏறவில்லை. வண்டி தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தது. ஓட்டியவரோ தாடையும் நான்கு விலா எலும்பும் உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருடைய தம்பிதான் என்னோடு நின்றார். “5 ஸ்டார் வண்டி சார், ஏர்பேக்கும் வெடிச்சிருக்கு. அப்புறம் எப்படி சார் இப்படி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். (மோதல் சோதனையில் காரின் பாதுகாப்புக்குத் தரும் மார்க்தான் இந்த ஸ்டார், ஐந்துதான் உச்சம்.)

நான் பெல்ட்டைப் பார்த்தேன். நல்ல மோதலில் பெல்ட்டைச் சுண்டி இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன வெடி உண்டு, பிரிடென்ஷனர். அது ஒருமுறை வெடித்தால் பெரும்பாலும் பெல்ட் அந்த நிலையிலேயே இறுகிவிடும். போட்டிருந்தவரின் பெல்ட் ஓர் ஆள் அளவுக்கு வெளியே வந்து தொங்கும். தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வரும் வளையத்தின் பிளாஸ்டிக்கில், பாரம் தாங்கி உரசி உருகிய கோடு இருக்கும். அதை விரல் நகத்தால் தடவியே கண்டுபிடிக்கலாம். இந்தக் காரில் வளையம் புதுசு மாதிரி வழவழ என்றிருந்தது. பெல்ட் தூணோடு ஒட்டி விறைத்து நின்றது, இழுத்தாலும் வரவில்லை. கீழே பக்கிளில் ஒரு கறுப்புக் கிளிப் செருகியிருந்தது. மேலே கார் கம்பெனியின் சின்னம் வேறு. பெல்ட் போடாமல் ஓட்டும்போது ‘டிங் டிங்’ சத்தம் வராமலிருக்கப் போடுவார்களே, அந்தக் கிளிப்.

தம்பியிடம் எடுத்துக் காட்டினேன். “அது எல்லாரும் போடுறதுதானே சார்” என்றார்.

ஸ்டீயரிங் மையத்தில் எஸ்ஆர்எஸ் (சப்ளிமென்டல் ரெஸ்ட்ரெய்ன்ட் சிஸ்டம்) என்று பொறித்திருப்பதை யாராவது ஒருநாள் யோசித்ததுண்டா? அதன் முதல் எழுத்துக்கே ‘துணையாக’ என்றுதான் பொருள். பெல்ட் பிடித்துக்கொள்ளும், ஏர்பேக் கூட நிற்கும். ஏர்பேக் விரிய ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் ஆகும். அது விரிந்து முடித்த பிறகு முகம் அதில் படிய வேண்டும், அதுதான் கணக்கு. பெல்ட் இல்லாதவர் முன்னாலேயே பாய்ந்து வந்து, விரிந்துகொண்டிருக்கும் பையில் முகத்தைக் கொடுக்கிறார். தாடை அப்படித்தான் போனது.

சரி, இதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓட்டியவருடைய கார் நண்பர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கார்ப் பைத்தியங்கள், நல்ல பையன்கள். எந்த மாடலில் எந்த எஞ்சின், எதற்கு எத்தனை ஸ்டார், எதில் எந்த வீல் பொருந்தும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதில் ஒருவர் நசுங்கிய பானெட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்பவே சொன்னேன்ல, இது தகர டப்பாடா.”

இருபது வருடமாக இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துவிட்டது. எனவே தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதை மட்டும் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நீங்கள் விரலால் அழுத்திப் பார்க்கும் தகடு காருக்குச் சட்டை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், பெரும்பாலான கார்களில் அவ்வளவுதான். காற்றையும் மழையையும் தடுக்கவும் பெயின்ட் அடிக்கவும்தான் அது. எலும்பு உள்ளே இருக்கிறது. இன்றைய பல கார்களில் நடுத்தூணுக்குள் சூடாக அழுத்தி வடிவமைத்த போரான் ஸ்டீல் இருக்கும். அதன் இழுவலிமை சுமார் 1500 மெகாபாஸ்கல், சாதாரண மென் எஃகைப் போல நான்கைந்து மடங்கு. விபத்து வண்டியிலிருந்து ஆளை மீட்பவர்களைக் கேளுங்கள், அவர்களின் பழைய வெட்டுக் கருவிகளே இந்தத் தூண்களில் திணறும். அதை நீங்கள் விரலால் அழுத்திப் பார்க்க முடியாது. கதவை மூடும்போது வரும் ‘தொப்’ சத்தமும் அப்படித்தான். அதில் பாதி ரப்பர் சீலும் கதவுக்குள் ஒட்டிய அதிர்வு அடக்கும் ஷீட்டும் தருகிற சத்தம். அந்தச் சத்தத்தை வைத்து வண்டியின் பலத்தைச் சொல்வது, தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்குவதைவிட மோசம். தேங்காயிலாவது ஏதோ தெரியும்.

முன்பக்கம் கசங்க வேண்டும். கசங்குவதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். மெர்சிடிஸ் பென்ஸில் இருந்த பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்: நடுவில் ஆள் உட்காரும் கூண்டு கெட்டியாக, முன்னும் பின்னும் மடிந்து கொடுக்கும் பகுதி. 1959-இல் அது காராகவே வந்துவிட்டது. அதற்கப்புறமும் நாம் பானெட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

“அந்தக் காலத்து வண்டி இரும்பு சார், மோதினா சுவர்தான் உடையும்” என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2009-இல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஐம்பதாவது ஆண்டுக்காக ஒரு சோதனை செய்தது. 1959-ஆம் வருடத்து செவர்லே பெல் ஏர் ஒன்றையும், 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் தலா 64 கிமீ வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் படும்படி எதிரெதிராக மோதவிட்டார்கள். பெல் ஏர் இவர்கள் சொல்கிற அதே ‘இரும்பு’ வண்டிதான். அதன் முன்தூண் மடங்கி, ஸ்டீயரிங், ஓட்டுநர் சீட்டில் வைத்த சோதனைப் பொம்மையின் மேலேயே ஏறிவிட்டது. உயிருள்ள ஆளாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பக்கம் சப்பையாகிப் போனாலும் உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் லேசான அடி, அவ்வளவுதான். வீடியோ இருக்கிறது, ஒருமுறை பாருங்கள். அதற்கப்புறமும் தகடு பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். ‘லாரியில் மோதியும் பம்பரில் கீறல்தான்’ என்று படம் வரும், கீழே இதயம் இதயமாகக் கொட்டும். மோதலின் சக்தி எங்கேயாவது போயே ஆக வேண்டும். வண்டி வாங்கிக்கொள்ளவில்லை என்றால், வேகம் பெரிதாக இல்லை என்று அர்த்தம், அல்லது உள்ளே இருந்தவர் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். நான் வண்டியைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது முன்பக்கத்தை அல்ல. கதவு திறக்கிறதா, கதவுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா, கால் வைக்கும் இடம் சுருங்கியிருக்கிறதா. அடிபட்ட வண்டியின் படம் போடுகிறவர்கள் இந்த மூன்றையும் காட்டுவதே இல்லை.

ஸ்டாருக்கு வருவோம். ஸ்டார் பொய் இல்லை. நானே பார்த்துத்தான் கார் வாங்கினேன். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட பரீட்சையின் மார்க். பல நாடுகளில் வழக்கமான முன் மோதல் சோதனை 64 கிமீ வேகம், முன்பக்கத்தின் 40 சதவீதம் மட்டும், நசுங்கிக் கொடுக்கிற அலுமினியத் தடுப்பின் மேல். நீங்கள் 100-இல் போனால் சக்தி ஒன்றரை மடங்கு ஆகாது, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ‘5 ஸ்டார், 120-லயும் ராக் ஸ்டெடி’ என்று எழுதுகிறவர் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. சோதனைப் பொம்மை பெல்ட் போட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கு இருக்கிற ஒழுக்கம் நமக்கு இல்லை.

பரீட்சையும் சில வருடத்துக்கு ஒருமுறை கடினமாகிறது. ஃபியட் கிராண்டே புன்டோ 2005-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார் சோதனை அமைப்பிடம் 5 ஸ்டார் வாங்கியது. 2017-இல் புன்டோவை மறுபடி சோதித்தபோது கிடைத்தது பூஜ்யம், அந்த அமைப்பின் வரலாற்றிலேயே முதல் பூஜ்யம். வண்டி இளைத்துப் போய்விடவில்லை, பாடத்திட்டம் மாறிவிட்டது. ஆகவே எந்த வருடத்து ஸ்டார், எந்த வேரியன்ட், எத்தனை ஏர்பேக் உள்ள வண்டி என்று பாருங்கள். ஒரே பெயரில் வேறு வேறு சந்தைகளில் விற்கும் வண்டிகள் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பர்களிடம் வாதாடும் முன் அறிக்கையின் உள்ளே போய், கூண்டு நிலையாக நின்றதா இல்லையா என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். குளோபல் என்கேப் என்ற இன்னொரு சோதனை அமைப்பின் அறிக்கைகளில் அதைத் தனியாகவே சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் ஸ்டாரைவிட அந்த வரிதான் முதலில்.

இப்போது அப்கிரேடு. சோதித்த காரை நீங்கள் வாங்கினீர்கள், சரி. அடுத்த நாளே கடைக்குப் போய் அதை வேறு காராக மாற்றிக்கொண்டு வருகிறீர்கள்.

சீட் கவர். சீட்டின் ஓரத் தையலில் ‘ஏர்பேக்’ என்று ஒரு சின்னத் துணித்துண்டு இருக்கிறதா? அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் பக்க ஏர்பேக் வெளியே வரும். அதன் மேல் கெட்டியான ரெக்சினை இழுத்துப் போர்த்தித் தைத்தால் பை எந்தப் பக்கம் போகும்? போன வருடம் ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்தோம். கவருக்கு அடியில், பாதி விரிந்து சுருண்டு, வெள்ளையாக அப்படியே கிடந்தது. ஒரு தையல்காரரின் கச்சிதமான வேலையால் வெளியே வர முடியாமல் போன பை. கவர் வேண்டும் என்றால் அந்த ஓரம் தானாகப் பிரியும்படி செய்த கவரைப் போடுங்கள், இல்லையென்றால் கவரே வேண்டாம். சீட் அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் காப்புக் கம்பி (கார்டு). மடிய வேண்டிய பகுதியைத் தாண்டி அடியை நேராக சேஸிஸுக்குக் கொண்டுபோகிறது. நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். கழற்றிவிடுங்கள். பேச்சு கிடையாது.

டயர், வீல். பெரிய ரிம் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். விலை குறைவு என்று இறங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பத்து வருட டயரில் ஓட்டாதீர்கள், ரப்பருக்கும் வயதாகும்.

விளக்கு. எச்4 ஹாலஜனுக்கு 60/55 வாட் என்று வைத்திருக்கிறார்கள். அதில் 100/90 மாட்டி, ஹோல்டர் உருகி, ஒயரிங் கருகி வரும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. எதிரே வருகிறவருக்குக் கண் கூசுவது தனிக் கதை.

முன்கண்ணாடி மாற்றுகிறீர்களா? உச்சியில் கேமரா உள்ள வண்டி என்றால், மாற்றிய பிறகு அதை மறுபடி கேலிபரேட் செய்தார்களா, அதாவது சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்தார்களா என்று கேளுங்கள். கண்ணாடியை ஒட்டிய பசை காயும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பல வண்டிகளில் பயணி பக்க ஏர்பேக் அந்தக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள்: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் பிரச்சினைதான். வெடித்த பைக்குப் பதிலாக வெறும் மூடியை ஒட்டி, ஒரு ரெசிஸ்டரை வைத்து விளக்கை ஏமாற்றிய வண்டிகளை என் கையாலேயே பிரித்திருக்கிறேன். ஸ்கேனர் போட்டுப் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் திட்டமாட்டேன், கெஞ்சுகிறேன். மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காராதீர்கள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மோதலில் பிடி நிற்காது. பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வந்து விழுவது முன்சீட்டுக்காரர் மேல்தான்.

அந்தக் காருக்கு டோட்டல் லாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முந்தாநாள் ஓட்டியவரே கூப்பிட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச்சு சரியாகப் புரியவில்லை, இரண்டு தடவை கேட்டுத்தான் விளங்கியது. அவர் தனியாக வாங்கிப் போட்ட நான்கு அலாய் வீலையும் கழற்றி அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முன் இடது வீலில் மயிரிழை விரிசல் இருக்கிறது, மற்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.