படம் ஓடுகிறது, பாடம் நடக்கிறதா?

ஸ்மார்ட் வகுப்பறை வந்துவிட்டது, உயர் தொழில்நுட்பக் கணினி ஆய்வகம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் ஒளிபரப்பாகிறது. ஆக, அரசுப் பள்ளியில் இணைய வளமே இல்லை என்று இனி நாம் சொல்ல முடியாது. ஆனால் பல வகுப்புகளில் இது பயன்படுகிற விதம் ஒன்றுதான். காணொளியைப் போடுவோம், பிள்ளைகள் அமைதியாகப் பார்ப்பார்கள், மணி அடித்துவிடும். பார்த்தார்கள், சரி. என்ன கற்றார்கள்?

நன்றாக எடுக்கப்பட்ட காணொளியில் ஓர் ஆபத்து உண்டு. பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். முடிந்ததும் "புரிந்ததா?" என்றால் வகுப்பே தலையாட்டும். அதே விஷயத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் வராது. இதற்கு நான் பின்பற்றும் வழி எளிமையானது. திரையை இயக்குவதற்கு முன்பே கேள்வியைக் கேட்டு, "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்பதற்கான பதிலை நோட்டில் எழுத வைத்துவிடுவேன். எழுதிக் கொடுத்த பிள்ளை தன் பதில் சரியா என்று பார்ப்பதற்காகவே திரையைக் கவனிக்கும். தவறாகிவிட்டால் இன்னும் நல்லது, அந்த இடம் மறக்காது.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்கலம், தொடர் இணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது பிரகாசமாக எரியும்? "முதல் பல்பு சார். கரண்டை அது எடுத்துக்கொண்டது போக மிச்சம்தானே இரண்டாவதுக்கு வரும்" என்று பாதி வகுப்பாவது சொல்லும். உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வருகிற தவறு இது; உண்மையில் இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் மட்டும் இது போகாது. ஓம் விதியை ஒப்பித்துவிட்டு இதே பதிலைச் சொல்கிற பிள்ளைகள் உண்டு.

இங்கேதான் ஃபெட் (PhET) என்ற இணையதளத்தின் சிமுலேஷன், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனை, கைகொடுக்கும். இயற்பியலுக்கு 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி இது. கட்டணம் கிடையாது, சில சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்றைப் பிள்ளைகளே இழுத்து வைத்து இணைக்கலாம், எந்த இடத்தில் வேண்டுமானாலும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைச் செருகலாம். முதல் பல்புக்கு முன்னால், இரண்டு பல்புக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின்னால் என மூன்று இடத்திலும் ஒரே அளவு காட்டும்போது வகுப்பில் சலசலப்பு எழும். அந்தச் சலசலப்பை அடக்கிவிடாதீர்கள். (எப்படியும் யாராவது கம்பியை மின்கலத்தின் இரு முனைக்கும் நேராக இணைத்துத் திரையில் தீப்பிடிக்க வைப்பார்கள். அப்புறம் எல்லோரும் அதையேதான் செய்வார்கள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, ஏன் தீப்பிடித்தது என்று கேட்டால் குறுக்குச் சுற்று என்கிற ஷார்ட் சர்க்யூட் தானாகவே பாடத்துக்குள் வந்துவிடும்.)

அத்தோடு நிறுத்திவிட்டால் பாதிப் பாடம்தான். மறுநாள் உண்மையான மின்கலம், கம்பி, பல்புகள் வேண்டும். டார்ச் எல்லாம் எல்இடி ஆகிவிட்டதால் இழை உள்ள சின்ன பல்பு இப்போது தேடித்தான் கிடைக்கிறது. எல்இடியைத் திருப்பி இணைத்தால் எரியாது என்பதால் இந்தச் சோதனைக்கு அது ஒத்துவராது. இழை பல்பு இரண்டைத் தொடராக இணைத்தால் பல நேரம் ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரியும், ஏனென்றால் கடையில் வாங்குகிற இரண்டு பல்பு அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. உடனே "நான்தான் சொன்னேனே சார்!" என்று ஒரு குரல் வரும். பதில் சொல்லாமல் இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். பிரகாசம் இடத்தோடு நிற்காமல் பல்போடு போகும். சிமுலேஷனில் நாமாக மாற்றாத வரை எல்லா பல்பும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தப் பாடம் அங்கே தானாகக் கிடைக்காது.

திரை மறைக்கிற விஷயங்களையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கே எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஓடும். உண்மையில் சாதாரண மின்சுற்றில் அவை நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நிறமும் கிடையாது. சொல்லாமல் விட்டால் நீல உருண்டையே மனதில் நின்றுவிடும்.

இணையத்தில் இருப்பதெல்லாம் சரியானது அல்ல என்பது தெரிந்ததுதான், ஆனாலும் அறிவியல் பாடத்தில் நாமே ஏமாறுகிற இடங்கள் உண்டு. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படம் இன்னும் பல காணொளிகளில் அழகான வண்ணத்தில் வருகிறது. நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணரும் என்று தெரிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதனால் காணொளியை முதல் நொடியிலிருந்து கடைசி வரை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வினாத்தாள் கேட்டாலும் இதேதான். கேள்விகள் நன்றாகவே வரும், விடைக்குறிப்பைத்தான் நாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இணைய இணைப்பை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். ஃபெட் சிமுலேஷன்களைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமலே ஓடும். யூடியூபை நேரடியாகத் திரையில் விட்டால் நடுவில் விளம்பரம் வரும், முடிந்ததும் வேறு ஏதோ தானாக ஓடத் தொடங்கும். தானாக ஓடுவதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். பழைய குறுந்தகட்டில் உள்ள, ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் ஓடும் பாடங்கள் ஓடவில்லை என்று கணினியைக் குறை சொல்ல வேண்டாம். ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 இறுதியோடு முடிந்துவிட்டது.

கருவி கொடுத்தால் கற்றல் தானாக வந்துவிடாது என்பதற்குப் பெரு நாடு ஓர் உதாரணம். அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கொடுக்கப்பட்டன. கற்பிக்கும் முறையோடு அவை இணைக்கப்படாததால் கற்றலில் முன்னேற்றம் தெரியவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. நம் மடிக்கணினிக்கும் கைக்கணினிக்கும் இது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். இணைப்பைப் பார்த்தால்தான் முடிக்க முடியும் என்கிற வேலையைக் கொடுத்தால், மறுநாள் தண்டனை கைப்பேசி இல்லாத பிள்ளைக்குத்தான். அப்படிப்பட்ட வேலையைக் கணினி ஆய்வகத்தில் பள்ளி நேரத்திலேயே முடித்துவிடலாம்.

அடுத்தது பிள்ளைகளின் விவரம். இலவச வினாடிவினாச் செயலிகள் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் என்று கேட்கும். நாமும் யோசிக்காமல் நிரப்பச் சொல்லிவிடுகிறோம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. வகுப்பில் பாடுவதையும் பதில் சொல்வதையும் காணொளியாக எடுத்துப் பொதுவில் ஏற்றுவதற்கு முன்னும் பெற்றோரைக் கேட்டுவிடுங்கள். வினாடிவினாவுக்குக் குழுப் பெயரோ வரிசை எண்ணோ போதும்.