ரிலாக்சேஷன்: தளர்வா, இளைப்பாறலா?

போன வருஷம் அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். மறுநாள் வார்டுல ஒரு பேப்பர் குடுத்தாங்க, மேல "தளர்வுப் பயிற்சிகள்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. அம்மா அதைப் படிச்சுட்டு "ஏற்கனவே தளர்ந்துபோய்த்தான் கெடக்கேன், இதுல பயிற்சி வேறயா"ன்னாங்க, சிரிச்சா தையல் இழுக்குதுன்னு தலையணையை வயித்தோட அமுக்கிக்கிட்டே சிரிச்சாங்க.

பேப்பர் எழுதினவரைச் சொல்லிக் குத்தமில்ல, ரிலாக்சேஷனுக்கு டிக்‌ஷனரியில அப்படித்தான் இருக்கு. லத்தீன்ல லாக்ஸுஸ்னா இறுக்கமில்லாம லூசா இருக்கறது, அதுலேந்து வந்ததுதான் ரெலாக்ஸாரே, அதாவது இளக்கி விடறது. ரிலீஸும் இதே வேர், லாக்ஸேட்டிவும் இதே வேர், அதுக்கு மட்டும் மலமிளக்கின்னு அச்சு அசலா தமிழ்ல பேர் வெச்சுட்டோம். ஆக ஆபரேஷனுக்கு அப்புறம் மலச்சிக்கலுக்குக் குடுக்கற சிரப்பும் "ரிலாக்ஸா இருங்கம்மா"ன்னு நர்ஸ் சொல்றதும் ஒரே குடும்பம்!

வைத்தியத்துல இந்த வார்த்தைக்கு மவுசு வந்ததுல எட்மண்ட் ஜேக்கப்சன்ங்கற அமெரிக்க டாக்டருக்குப் பெரிய பங்கு உண்டு, 1929ல இதைப் பத்தி புக்கே போட்டார். ஒரு தசையை இறுக்கணும், அப்புறம் விட்டுடணும், இறுக்கம் எதுன்னு தெரிஞ்சாதான் விடறது எதுன்னு பிடிபடும்ங்கறது அவர் கணக்கு. ஆனா வயித்துல தையல் போட்டவங்க வயித்தை இறுக்கிப் பாக்கக் கூடாதுல்ல, அவங்களுக்கு ஈஸியானது தாடை. கீழ்த்தாடையைக் கொட்டாவி வரப்போற மாதிரி லேசா தொங்கவிட்டு, நாக்கை கீழ அசையாம போட்டு, மூச்சை மெதுவா இழுத்து, விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இழுக்கணும், அந்த நேரத்துல மனசுக்குள்ளகூட பேசக் கூடாது (அம்மாவுக்கு இதுதான் கஷ்டமா இருந்துச்சு). மேரியன் குட்ங்கற நர்சிங் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் வயித்து ஆபரேஷன் ஆன 500 பேரை வெச்சு இதையும் இசையையும் சோதிச்சு 1999ல வெளியிட்டாங்க, வழக்கமான வலி மருந்தோட இதையும் சேத்து செஞ்சவங்களுக்கு வலி குறைவாவே இருந்துச்சு. மருந்தை நிறுத்திட்டு செய்யற விஷயம் இல்ல இது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? தளர்வுங்கறது சட்டதிட்டத்துக்குப் பொருந்தும், 2020ல ஊரடங்கு தளர்வுன்னு தினமும் நியூஸ்ல கேட்டோமே. மனுஷ உடம்புக்குப் போட்டா பலவீனம்னு ஆயிடுது, தளர்ந்த வயசு, தளர்நடை எல்லாம் அந்த வகைதான். தசையைத் தளர்த்துன்னு வினையா சொன்னா ஓகே. ஆசுவாசம் நல்லா இருக்கு, மூச்சும் உள்ள இருக்கு, ஆனா சமஸ்கிருதம்.

என் ஓட்டு இளைப்பாறலுக்கு. இளைப்புன்னா களைப்பு, மூச்சு வாங்கறதுக்கும் அதான் பேர், அது ஆறணும். இந்த ஆறுங்கற வினை இருக்கே, புண்ணும் ஆறும், சூடும் ஆறும், மனசும் ஆறும், பசிகூட ஆறும், ஔவையார் கோவத்தையே "ஆறுவது சினம்"னுட்டார். தையல் போட்ட எடமும் பயந்த மனசும் ஒரே வினையில அடங்கிடுது, லத்தீன் வேர்ல இது இல்ல. அதனால பேப்பர்ல "இளைப்பாறும் முறைகள்"னு போட்டா போதும், டெக்னிக்குக்கு நுட்பம்னு வேற சேத்தா ராக்கெட் விடற மாதிரி இருக்கும்.