இழப்பீடு, நிவாரணம்: இரண்டும் ஒன்றல்ல

2013 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் மேற்குப் பக்கக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில்தான் நின்றன. குளிர்கால ரோமம் அடர்ந்திருக்கவில்லை. முதலில் மழை தோல் வரை நனைத்தது, அப்புறம் காற்றோடு பனி. அட்லஸ் என்று பேரிட்ட அந்தப் புயலில் பல்லாயிரம் மாடுகள் மடிந்தன.

அந்த நேரம் பார்த்து மத்திய அரசு நிதியில்லாமல் முடங்கி, பண்ணையாளர்கள் போய் நிற்க வேண்டிய வேளாண் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. செத்த மாட்டுக்குப் பணம் தரும் திட்டமோ 2011-லேயே காலாவதி. செத்த மாடுகளை எண்ணிப் படம் எடுத்து வையுங்கள், காதுவில்லை எண்ணைக் குறித்து வையுங்கள் என்பதுதான் அப்போது கிடைத்த அறிவுரை. 2014 பிப்ரவரியில் வந்த பண்ணைச் சட்டம் அத்திட்டத்தை முன்தேதியிட்டு மீட்டது. அதன் பெயர் லைவ்ஸ்டாக் இன்டெம்னிட்டி புரோகிராம்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெள்ளம், புயல் என்றாலே கை தானாக 'நிவாரணம்' என்று எழுதிவிடும். இங்கே அது பொருந்தாது.

நிவாரணம் வடசொல். விலக்குதல், தடுத்தல் என்பது அதன் பொருள். வலிநிவாரணி என்கிறோமே, அந்த மாத்திரை வலியை விலக்கும், புண்ணை ஆற்றாது. நிவாரண உதவியும் அப்படித்தான். 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் 33 விழுக்காட்டுக்கு மேல் பாதித்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். விளைந்திருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்த்து வைத்த தொகை அல்ல அது. அடுத்த விதைப்புக்குக் கைகொடுக்கும் தொகை. இடர் தணிப்பு, துயர் தணிப்பு என்று தமிழில் சொல்லலாம்.

இன்டெம்னிட்டி லத்தீனிலிருந்து வந்தது. 'இன்' என்றால் இல்லை, 'டாம்னும்' என்றால் இழப்பு. இழப்பே இல்லாத நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது. தமிழில் இதற்கு இணையாக இழப்பீடு இருக்கிறது. சொல்லின் உயிர் அதன் கடைசிப் பாதியில்: ஈடு. கெடு கேடானதுபோல, சுடு சூடானதுபோல, இடு என்ற வினை முதலெழுத்து நீண்டு ஈடு ஆனது. போன இடத்தில் இன்னொன்றை இடுவது. நகையை ஈடு வைக்கிறோம், ஈடுகட்டுகிறோம், ஈடு இணை இல்லை என்கிறோம். எல்லாவற்றிலும் ஒரு தராசு இருக்கிறது. நஷ்டஈடு என்பதில் முன்பாதி வடமொழி, பின்பாதி நம்முடையது. இலங்கையில் நட்டஈடு என்று எழுதுவார்கள். இழப்பீடு இருக்கும்போது அந்தக் கலப்பு எதற்கு என்பது என் எண்ணம்.

ஆகவே 'கால்நடை இழப்பீட்டுத் திட்டம்' என்பதே சரி. செத்த மாட்டின் சந்தை விலைதான் அங்கே அளவுகோல். ஆனால் தருவது அதில் 75 விழுக்காடு. பெயர் முழு ஈட்டைச் சொல்கிறது, கைக்கு வருவது முக்கால் ஈடு. கன்று முதல் வளர்த்த கறவைக்கும் சினைமாட்டுக்கும் அந்தக் கால் பங்கு எவ்வளவு பெரிது என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு வேறு மாநிலத்துப் பண்ணையாளர்கள் கிடேரிகளையே வண்டியேற்றி அனுப்பினார்கள். மாடு போன இடத்தில் மாடு. ஈடு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

இதே சட்டத்தில் வறட்சிக்கும் ஒரு திட்டம் உண்டு. அங்கே மாடு சாகவில்லை, புல் காய்ந்துவிட்டது. ஒரு கவுண்டி எவ்வளவு கடும் வறட்சியில் எத்தனை நாள் கிடந்தது என்பதை வறட்சி வரைபடத்தில் பார்த்து, இத்தனை மாதத் தீவனச் செலவில் ஒரு பங்கு தருவார்கள். அதை இழப்பீடு என்று எழுத வேண்டாம். 'வறட்சித் தீவன உதவி' போதும்.