விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால்

பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் தெரிந்த அண்ணன் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். தமிழ், கன்னடம் இரண்டிலும் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவார். போன வாரம் இரண்டாவது மானிட்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு எனக்கு போன் செய்தார். "தம்பி, டிசைன் கீழே டாஸ்க்பார்ல நிக்குது. கிளிக் பண்ணினா வெளியே வரமாட்டேங்குது. பார்ட்டி சாயந்தரம் வந்துடுவாங்க!"

கடைக்குப் போய்ப் பார்த்தேன். டிசைன் எங்கும் தொலையவில்லை. இல்லாத மானிட்டரில் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

விண்டோ (அகராதிகள் சாளரம் என்கின்றன, கடையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை) கணினியைப் பொறுத்தவரை நான்கு எண்கள்: இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம், உயரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு மானிட்டர்களை இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கணினியையே நடத்தும் அடிப்படை மென்பொருள்) ஒரே நீளமான தரையாகத்தான் பார்க்கிறது. முதல் திரை 1920 பிக்சல் (திரையின் புள்ளி) அகலம் என்றால், 2100-ஆவது பிக்சலில் தொடங்கும் விண்டோ இரண்டாவது திரையில் தெரியும். மானிட்டரைக் கழற்றினால் விண்டோஸ் வழக்கமாக அங்கிருப்பதையெல்லாம் இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுவிடும். ஆனால் சில மென்பொருள்கள் மூடும்போது தாம் இருந்த இடத்தைக் குறித்துவைத்து, மறுநாள் அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே போய் உட்காரும். ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம், அப்புறம் ஏதாவது ஓர் அம்புக்குறி. விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் வந்துவிடும். வந்தது.

"சாப்ட்வேர் அதுபாட்டுக்கு அங்கே இருக்கு. அதைக் கேக்காம எப்படி நகர்த்தினே?" என்றார்.

வீட்டு ஓனரும் குடித்தனக்காரரும் மாதிரிதான். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைப்புப் பட்டையும் ஓரமும் பெரும்பாலும் இயங்குதளத்தின் விண்டோ மேலாளர் கையில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் எழுத்தும் படமும் மட்டும்தான் மென்பொருளுடையவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984-இல் தொடங்கி இன்றும் பல லினக்ஸ் கணினிகளில் ஓடும் எக்ஸ் என்ற விண்டோ முறையில் மேலாளரே ஒரு தனி நிரல். பிடிக்கவில்லை என்றால் ஓனரையே மாற்றிக்கொள்ளலாம்!

விண்டோவை நகர்த்துவது வீட்டை அப்படியே தூக்கி வேறு தெருவில் வைப்பது போல. உள்ளே கட்டிலும் பீரோவும் இருந்த இடத்திலேயே இருக்கும். அளவை மாற்றுவது சுவரையே நகர்த்துவது. குடித்தனக்காரருக்கு வேலை வருவது அப்போதுதான்.

மவுஸ் ஓரத்தை நெருங்கியதும் 'இந்தப் புள்ளியில் யார் மேலே இருக்கிறார், இது அவருடைய எந்தப் பகுதி?' என்று இயங்குதளம் கேட்கிறது. ஓரம் என்று பதில் வந்தால் அம்பு இரட்டை அம்பாகிறது. விண்டோஸ் 10-இல் கண்ணுக்குத் தெரியும் ஓரம் ஒரே ஒரு பிக்சல். அதைப் பிடிக்க யாராலும் முடியாது என்பதால், அதற்கு வெளியே சில பிக்சலுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பையும் வைத்திருக்கிறார்கள். இழுக்கத் தொடங்கியதும், 'இவ்வளவு பெரிதாகிவிட்டாய்' என்ற செய்தி மென்பொருளுக்கு மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் வரிகளை மடித்து, பொத்தான்களை நகர்த்தி, எல்லாவற்றையும் வரைந்து முடிக்க வேண்டும். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால் கையில் இருப்பது சுமார் 16 மில்லிவிநாடிதான். அதற்குள் முடியாவிட்டால் சுவர் முன்னே போய்விடும், உள்ளே இருப்பது பின்தங்கும். வேகமாக இழுக்கும்போது ஓரத்தில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு பட்டை துடிக்கிறதே, அது இன்னும் வரையாத தரை.

குடித்தனக்காரருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. 'இதற்குக் கீழே குறுக்காதே' என்று சொல்லலாம். லினக்ஸ் டெர்மினல்களில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோக்கள்) பல இன்னும் ஒரு படி மேலே போய், முழு எழுத்து அகலம் அகலமாகத்தான் வளருவேன் என்று கேட்டு வாங்கும். இழுத்துப் பார்த்தால் அது தத்தித் தத்திப் பெரிதாவது தெரியும்.

ஆரம்ப காலத்தில் இவ்வளவு தாராளம் கிடையாது. 1984-இல் வந்த ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினியில் மொத்த நினைவகமே 128 கிலோபைட். அதன் கறுப்பு வெள்ளைத் திரைப் படம் ஒன்றுக்கே கிட்டத்தட்ட 22 கிலோபைட் போய்விடும். மறைந்திருக்கும் விண்டோவின் படத்தை எங்கே சேமிப்பது? சேமிக்கவில்லை. மேலே இருப்பதை நகர்த்தினால் கீழே இருப்பவரிடம் 'இந்தத் துண்டை மறுபடி வரை' என்று சொல்வார்கள். வண்டி ஏறி அழிந்த கோலத்தை வீட்டுக்காரரே வந்து திரும்பப் போடுவது போல. வீட்டுக்காரர் தூங்கிவிட்டால்? நின்றுபோன மென்பொருளின் மேல் இன்னொரு விண்டோவை இழுக்கும்போது அதன் பிம்பங்கள் வால் வாலாக நீண்டு கிடந்த காலம் நினைவிருக்கலாம். 1985-இல் வந்த முதல் விண்டோஸில் மென்பொருள் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே முடியாது, ஓடு பதித்த மாதிரி அடுத்தடுத்து நிற்கும். ஏறும் வசதி 1987-இல் விண்டோஸ் 2.0-வில் வந்தது. 2009-இல் விண்டோஸ் 7, ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் ஒட்டும் வசதியைக் கொடுத்தபோது, சுற்றி வளைத்து பழைய இடத்துக்கே வந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

இப்போது ஒவ்வொரு விண்டோவும் தனித்தனி நினைவகத்தில் வரைகிறது. அவற்றை அடுக்கி ஒரே படமாக்க இயங்குதளத்தில் வேறொருவர் இருக்கிறார். மேக்கில் 2001-இலும், விண்டோஸில் விஸ்டா பதிப்போடும் இது வழக்கமானது. முழுத்திரை விண்டோ ஒன்றுக்கு 1920 பெருக்கல் 1080 பெருக்கல் 4, அதாவது சுமார் 83 லட்சம் பைட். அந்தக் கால மேக்கின் மொத்த நினைவகத்தைப் போல அறுபது மடங்குக்கு மேல். இன்று அதை யாரும் கணக்கில்கூட எடுப்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒரு மென்பொருள் ஐந்து விநாடி பதில் சொல்லாமல் நின்றால், விண்டோஸ் அதன் விண்டோவை மறைத்துவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பொய் விண்டோவை அங்கே வைக்கும். 'பதிலளிக்கவில்லை' என்ற வரியோடு வெளிறிப்போய்த் தெரிவது அதுதான். அதை நகர்த்தலாம், மூடலாம். குடித்தனக்காரர் மயங்கிக் கிடக்க, வாசலில் அவர் போட்டோவை மாட்டிவைத்து ஓனர் சமாளிக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் பிரிண்டர் செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் நூறு காகித அளவுகளின் பட்டியல், ஒரே நேரத்தில் தெரிவது நான்கு. "இதை ஏன் இழுக்க முடியல?"

பொத்தான்களை எல்லாம் நிலையான இடத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், சுவர் நகர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை, அதனால் ஓரத்தையே பிடிக்க முடியாமல் பூட்டிவிட்டார்கள் என்றேன்.

"சோம்பேறிங்க," என்றார்.