டிஎஸ்ஆர்சி: தனியலைக் குறுந்தொலைவுத் தொடர்பு

டெடிகேட்டட் ஷார்ட் ரேஞ்ச் கம்யூனிகேஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் டிஎஸ்ஆர்சி. செல்பேசிக் கோபுரத்தின் தயவில்லாமல் வண்டிகள் ஒன்றுக்கொன்று நேரடியாக வானொலி அலையில் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை இது. எட்டும் தூரம் சில நூறு மீட்டர். தான் இருக்கும் இடம், போகும் திசை, வேகம் ஆகியவற்றை ஒவ்வொரு வண்டியும் நொடிக்கு 10 முறை சொல்லிக்கொண்டே போகும்.

சரி, சைக்கிளில் போகிறவருக்கு இதனால் என்ன? லாரியை ஒட்டி அவர் நேரே போகிறார். லாரி அவர் பக்கமாகத் திரும்புகிறது. ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் விழவே இல்லை. அதேபோல, நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து சட்டென்று வெளிவருபவர் கேமராவுக்கும் சிக்கமாட்டார். சைக்கிளில் ஒரு சிறு அலைபரப்பி இருந்தால், அவர் கண்ணில் படுமுன்பே ஓட்டுநருக்கு எச்சரிக்கை போய்விடும். ஆனால் இந்தத் தரநிலையில் முதலில் இடம்பிடித்தது கார்களின் செய்திதான். நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்குமான செய்தி வடிவம் பிறகுதான் சேர்ந்தது. இடித்தால் உயிர் போவது அவர்களுக்குத்தானே, அவர்களிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

'டெடிகேட்' என்பதன் வேர் இலத்தீன் 'டெடிகாரே': தெய்வத்துக்கென்று அறிவித்துக் கொடுத்துவிடுவது. நம் வழக்கில் நேர்ந்துவிடுதல். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். அப்படித்தான் 1999இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 5.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 75 மெகாஹெர்ட்ஸைப் போக்குவரத்துக்கென்றே ஒதுக்கியது. 2010இல் வைஃபை குடும்பத்திலிருந்து இதற்கான தரநிலை, 802.11p, வந்தது. கார் நிறுவனங்களோ பெரிதாக அக்கறை காட்டவில்லை. 2020 நவம்பரில் அதே ஆணையம் 45 மெகாஹெர்ட்ஸை எடுத்து வைஃபைக்குக் கொடுத்தது. மீதி 30ஐ, செல்பேசித் தொழில்நுட்பத்தில் பிறந்த சி-வி2எக்ஸ் முறைக்கு விட்டது. அமெரிக்காவில் டிஎஸ்ஆர்சியின் கதை அத்தோடு முடிந்தது.

'அர்ப்பணிக்கப்பட்ட குறுகிய தூரத் தொடர்பு' என்று எழுதினால் பொருள் கெடுகிறது. அர்ப்பணிப்பு மனிதர்களுக்கு உரியது. குறுகிய என்றால் சந்துதான் நினைவுக்கு வரும். குறுஞ்செய்தி பழகிவிட்ட நமக்குக் குறுந்தொலைவு எளிது. ஆகவே தனியலைக் குறுந்தொலைவுத் தொடர்பு.

சி-வி2எக்ஸில் வரும் வி2எக்ஸுக்கு, அதாவது 'வெஹிக்கிள் டு எவ்ரிதிங்' என்பதற்கு, 'வண்டியிடைத் தொடர்பு' என்றால் மிதிவண்டி அடங்கும், நடப்பவர் விடுபடுவார். எக்ஸ் என்பது சுற்றியுள்ள எதையும் குறிப்பதால் 'வண்டிசூழ் தொடர்பு' என்பேன்.

அப்புறம், நம்மூர் ஃபாஸ்டேக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆர்எஃப்ஐடி, அதாவது கண்ணாடியில் ஒட்டிய சில்லைச் சுங்கச்சாவடிக் கருவி வானொலி அலையால் படிக்கும் முறை. ஆனால் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 5.8 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சுங்கக் கட்டண முறைக்கும் டிஎஸ்ஆர்சி என்றே பெயர்.