பத்து வந்தால் லாபம், ஒன்பது வந்தால்?

வார இறுதி கார்டு ஷோக்களில் என் மேசை முன்னால் வந்து நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதை கிரேடிங்குக்கு அனுப்பினால் விலை ஏறுமா?" நான் நியூஜெர்சியில் வீரர்களின் படம் அச்சிட்ட கூடைப்பந்து, பேஸ்பால் கார்டுகளை வாங்கி விற்பவன். நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது இந்தப் பக்கம் நிறைய வருகிறார்கள், பின்னாலேயே பர்ஸைக் கையில் பிடித்தபடி அப்பாவோ அம்மாவோ வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுக் கார்டுகளில் பத்து வந்தால் விலை ஏறும். ஒன்பது வந்தால் பல நேரம் கிரேடிங்குக்குக் கட்டிய பணம்கூடத் திரும்பாது. எட்டு வந்தால் பேசாமல் வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கார்டை நிறுவனத்துக்கு அனுப்பினால், அசல்தானா, யாராவது ஓரத்தைச் சீவியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். படம் நடுவில் சரியாக அமைந்திருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு எப்படி என்று சோதித்து, ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த உறைதான் ஸ்லாப். உறையில்லாத கார்டை ரா என்போம். இப்படி கிரேடு செய்யும் நிறுவனங்களில் பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கியது, எஸ்.ஜி.சி. 1998-இல், பெக்கெட்டின் கிரேடிங் பிரிவு 1999-இல். சி.ஜி.சி.யின் குழுமம் இந்த விளையாட்டுக் கார்டுப் பக்கம் வந்தது 2021-இல்தான்.

ஸ்லாபில் இருக்கும் கார்டுக்கு ஏன் கூடுதல் விலை என்றால், ஈபேயில் எங்கோ ஒரு ஊரில் இருந்து வாங்குபவர் உங்கள் செல்போன் படத்தை நம்ப வேண்டியதில்லை, லேபிளில் இருக்கும் எண்ணை நம்பினால் போதும். அந்த நம்பிக்கைக்கு அவர் கொடுக்கும் காசுதான் அது. ஆனால் எல்லாரிடமும் அதே எண் இருந்தால் அந்தக் காசு எங்கிருந்து வரும்? புதுக் கார்டுகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக் நிறுவன ரூக்கி கார்டை, அதாவது அறிமுகக் காலக் கார்டை, எடுத்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்தில் மிக அதிகமாக கிரேடிங்குக்குப் போன கார்டுகளில் அது ஒன்று. ஆனாலும் பி.எஸ்.ஏ.யில் பத்து வாங்கியவை சில ஆயிரம்தான், அனுப்பியதில் ஒரு சிறு பங்கு. அதனால் அதில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே விலையில் பெரிய பள்ளம் இருப்பதில் நியாயம் உண்டு. இப்போது கூடைப்பந்து வீரர் லூகா டோன்சிச்சின் 2018 சாதா ரூக்கி கார்டைப் பாருங்கள், பனினி நிறுவனத்தின் பிரிஸம் வரிசையில் வந்தது. அனுப்பியதில் பாதிக்கு மேல் பத்து. பத்தாயிரத்தைத் தாண்டிய எண்ணிக்கையில் பத்துகள் சந்தையில் கிடக்கின்றன. இன்றைய அச்சு, இன்றைய வெட்டு, பாக்கெட்டைப் பிரித்த கையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடும் பழக்கம் எல்லாம் சேர்ந்து பத்தைச் சாதாரணமாக்கிவிட்டன. பத்து சாதாரணமானால் ஒன்பது என்ன ஆகும்? தேர்வில் தேறாத கார்டு என்று முத்திரை குத்தியதுபோல ஆகிவிடும். ரா கார்டு வாங்குபவனுக்காவது "ஒருவேளை பத்து வருமோ" என்ற ஆசை இருக்கும், அந்த ஆசைக்கும் சேர்த்து அவன் விலை கொடுக்கிறான். ஒன்பது என்று லேபிள் ஒட்டிய பிறகு அந்த ஆசைக்கும் வழியில்லை. அதனால்தான் சில கார்டுகளில் ரா விலையும் ஒன்பதின் விலையும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கின்றன, சில சமயம் ஒன்பது கீழே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் என் மேசைக்கு வரும் கார்டுகளில் இந்த விகிதம் வழக்கமாகப் பார்ப்பது. ரா விலை 30 டாலர், ஒன்பது 35, பத்து 90 என்று வையுங்கள். கிரேடிங் கட்டணம், போக வர தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து கார்டுக்கு 28 டாலர். ஈபே எடுத்துக்கொள்வது சுமார் 13 சதவீதம். ராவாக இன்றே விற்றால் கையில் 26 டாலர். பத்து வந்து விற்றால், எல்லாம் போக 50. ஒன்பது வந்தால்? இரண்டு டாலர் சொச்சம். ஆம், இரண்டு. அதாவது இரண்டு கார்டு அனுப்பினால் ஒன்றாவது பத்து வாங்க வேண்டும், அப்போதுதான் ராவாக விற்றிருந்தால் வந்திருக்கும் அதே பணம் வரும். லாபம் அதற்கு மேல்தான். நடுவில் காத்திருந்த நாட்களுக்கு யாரும் வட்டி தரமாட்டார்கள்.

"பாப் ரிப்போர்ட்டில் 60 சதவீதம் பத்து என்று போட்டிருக்கிறதே, அப்போ எனக்கும் 60 சதவீத வாய்ப்பு இருக்கிறதே" என்பார்கள். எத்தனை கார்டுக்கு எந்த மதிப்பெண் கொடுத்தார்கள் என்று நிறுவனமே வெளியிடும் பட்டியல்தான் பாப் ரிப்போர்ட். அங்கே எண்ணப்பட்டவை அனுப்பப்பட்ட கார்டுகள் மட்டும். மொத்தமாக அனுப்பும் எங்களைப் போன்றவர்கள் விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, சந்தேகம் வந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்புகிறோம். வடிகட்டியதில் கிடைத்த 60 அது. பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே அனுப்பும் கார்டுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

அந்த வடிகட்டலை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு மிச்சமாவது இங்கேதான். போன சீசனில் ஒரு பையன் அப்பாவோடு வந்து வெள்ளிப் பளபளப்புள்ள ஒரு பிரிஸம் கார்டை நீட்டினான். டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தான், மூலை நான்கும் ஊசிமுனை. "கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையேங்க, பத்து வந்துடும்ல?" என்றார் அப்பா. உறையிலிருந்து எடுத்து, மேசை விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிறு டார்ச்சைக் கார்டின் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கை வாட்டில் பிடித்தேன். கார்டை மெல்லச் சாய்த்ததும் வீரரின் தோளிலிருந்து பேர் எழுதிய இடம்வரை முடி கனத்தில் நேர்க்கோடு ஒன்று மின்னியது. அச்சுக்கோடு. "அங்கிள், அது ஃபேக்டரியிலேயே வந்ததுதானே, நான் ஒண்ணும் பண்ணலையே?" என்றான் பையன். உண்மைதான். ஆனால் யார் செய்த குறை என்று கிரேடர் பார்க்க மாட்டார், குறை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பாக்கெட்டிலிருந்து இப்போதுதான் எடுத்தேன் என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு மரியாதையும் இல்லை.

குரோம் வகைப் பளபளப்புக் கார்டுகளில் இந்தக் கோடும், ஊசி குத்தியது போன்ற சிறு பள்ளங்களும்தான் பத்தைக் கெடுப்பவை. விரல் ரேகை இருந்தால் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் லேசாக ஒற்றி எடுக்கலாம், அழுத்தித் தேய்க்காதீர்கள், புதுக் கீறல் விழும். அப்புறம் நடுவமைப்பு. பி.எஸ்.ஏ.யில் பத்துக்கு முன்பக்கத்தில் இடது வலது ஓரங்கள் ஏறத்தாழ 55-க்கு 45 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும், மேல் கீழும் அப்படியே. பின்பக்கத்துக்கு 75-க்கு 25 வரை விட்டுக்கொடுப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது, இதையும் பார்க்காமல் அனுப்புபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. கார்டின் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். கரும் ஓரம் உள்ள கார்டில் கடுகளவு வெள்ளை தெரிந்தால் போச்சு.

சரி, பத்தே வந்துவிட்டது. அந்த விலை நிற்குமா? 2021 ஜனவரியில் மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃப்ளீர் நிறுவனக் கார்டு, பி.எஸ்.ஏ. பத்து, 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டில் அதே கார்டு, அதே பத்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கைமாறியது. இத்தனைக்கும் அது ஜோர்டன், பத்துகள் சில நூறுதான் இருக்கின்றன. கூடைப்பந்து வீரர் ஸயான் வில்லியம்சனின் 2019 பிரிஸம் ரூக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021-22 சீசன் முழுக்கக் காலில் அடிபட்டு அவர் ஆடவே இல்லை, ஆயிரக்கணக்கில் பத்துகள் வேறு குவிந்து கிடந்தன, விலை படுத்துவிட்டது. கிரேடு என்பது கார்டின் உடல்நிலைக்குத்தான், வீரரின் முழங்காலுக்கு இல்லை. அதே 2021-இல்தான் மலை மாதிரி கார்டுகள் வந்து குவிந்ததால் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை மார்ச் கடைசியில் நிறுத்திவைத்தது. விலை உச்சியில் இருந்தபோது அனுப்பியவர்கள் பலருக்குக் கார்டு திரும்பிக் கைக்கு வந்தபோது அந்த விலை இல்லை.

இதற்கெல்லாம் விலக்கு ஒன்று உண்டு, எண்ணிக்கையிலேயே அரிதான கார்டுகள். பேஸ்பால் வீரர் மைக் டிரவுட்டின் 2009 போமன் குரோம் சூப்பர்ஃபிராக்டர் கார்டு உலகத்தில் ஒன்றே ஒன்று. அது 2020 ஆகஸ்டில் 39 லட்சம் டாலருக்கு மேல் விற்றபோது பெக்கெட் கொடுத்திருந்த மதிப்பெண் ஒன்பதுதான். கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸின் 2003 எக்ஸ்குயிசிட் கையெழுத்துக் கார்டின் ஒரு சிறப்புப் பதிப்பு, மொத்தம் 23 மட்டும். அதில் 9.5 வாங்கியது 2020 ஜூலையில் 18 லட்சம் டாலருக்குப் போனது, வெறும் ஒன்பது வாங்கிய இன்னொன்று 2021 ஏப்ரலில் 52 லட்சத்துக்குப் போனது! வேறு கிடைக்காது என்றால் வாங்குபவன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பின்வாங்க மாட்டான், சந்தை சூடாக இருந்தால் இன்னும் பார்க்க மாட்டான். ஆக உங்களிடம் மொத்தமே 10, 25 தான் என்று எண்ணிட்ட நல்ல வீரரின் கார்டு இருந்தால், அசல் என்று உறுதி செய்யவும் பாதுகாக்கவும் கிரேடிங்குக்கு அனுப்புவதில் அர்த்தம் இருக்கிறது, ஒன்பது வந்தாலும் குடி மூழ்காது.

எந்த நிறுவனம் என்பதும் விலையைத் தொடும். புதுக் கார்டுகளில் பி.எஸ்.ஏ. பத்துக்குத்தான் பொதுவாக விலை அதிகம், வாங்க ஆளும் அதிகம். பெக்கெட்டின் 9.5 பல கார்டுகளில் அதைவிடக் குறைவாகவே போகும், ஆனால் நடுவமைப்பு, மூலை, ஓரம், மேற்பரப்பு என்ற நான்கு உட்பிரிவிலும் பத்து வாங்கிய பெக்கெட் கருப்பு லேபிள் வந்தால் கதை தலைகீழ். எஸ்.ஜி.சி.யின் கருப்பு உறை பார்க்க எனக்குப் பிடிக்கும், விற்கும்போது அந்த அழகுக்குக் காசு வருவதில்லை. கட்டணம் மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, அதே கார்டு அதே நிறுவனத்தில் அதே மதிப்பெண்ணோடு கடந்த சில வாரங்களில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை எதற்கும் உதவாது, கேட்பதற்கு யாருக்கும் காசு செலவில்லை.

அனுப்பும்போது கார்டின் மதிப்பு என்று ஒரு தொகை எழுதச் சொல்வார்கள். கட்டண வகையே அதை வைத்துத்தான். குறைத்து எழுதி மலிவு வகையில் அனுப்பினாலும், பத்து வந்து சந்தை மதிப்பு அந்த வகையின் வரம்பைத் தாண்டிவிட்டால் பி.எஸ்.ஏ. கூடுதல் கட்டணம் போடும். மேலே போட்ட கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லாபில் இருக்கும் கார்டை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேபிளில் இருப்பதும் மனிதர் பார்த்துச் சொன்ன கருத்துதான். பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு செய்த கார்டு, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியிடம் இருந்த, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு, எட்டு வாங்கியது. அதன் ஓரத்தைச் சீவியவன் நான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013-இல் ஒப்புக்கொண்டார். இன்றைக்குப் போலி ஸ்லாப்களும் வருகின்றன, அதில் இருக்கும் சான்று எண் உண்மையானதாகவே இருக்கும், வேறொருவர் கார்டின் எண்ணைத் திருடி அச்சடித்திருப்பார்கள். அதனால் எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நிறுத்திவிடாதீர்கள். அங்கே கார்டின் படம் இருந்தால் கையில் இருப்பதோடு ஓரம் ஓரமாக ஒப்பிடுங்கள், நடுவமைப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும் அது வேறு கார்டு. உறையின் பக்கவாட்டு ஒட்டில் வெண்மையாகப் பூத்திருந்தாலோ நெம்பிய தடம் இருந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.

அந்த அச்சுக்கோடு போட்ட பிரிஸம் கார்டை நான் கிரேடிங்குக்கு அனுப்பச் சொல்லவில்லை. கோட்டைக் காட்டிப் படம் எடுத்துப் போட்டு ராவாக விற்கச் சொன்னேன், அதுவும் சீசன் தொடங்கும் அக்டோபரில்.