வைஃபை கார்டு கேட்கும் ஒரே ஒரு ஃபைல்

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ செகண்ட் ஹேண்டில் லேப்டாப் வாங்கி, விண்டோஸ் இழுக்கிறது என்று அதில் லினக்ஸ் போட்ட பிள்ளைகளிடமிருந்து வரும் முதல் போன் பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, வைஃபையே காட்டமாட்டேங்குது. கார்டு போயிடுச்சா?”

போகவில்லை. நேற்றுவரை விண்டோஸில் ஓடிய கார்டு லினக்ஸ் போட்டதும் செத்துவிடாது. அதற்கு ஒரு ஃபைல் வேண்டும். ஃபைல் இருப்பது இணையத்தில். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். வயலில் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. காற்று பிடித்த பம்பு தண்ணீர் இழுக்க வேண்டுமானால், முதலில் நாம் நாலு குடம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

அந்த ஃபைலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். வைஃபை கார்டு வெறும் ஆன்டெனா அல்ல. பெரும்பாலான கார்டுகளுக்குள் ஒரு குட்டி பிராசஸர் இருக்கிறது. அதில் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். லேப்டாப்பில் அவ்வளவு பெரிய பிராசஸர் இருக்க, கார்டுக்குள் இன்னொன்று எதற்கு? நேரம் காரணம். வைஃபையில் ஒரு துண்டுத் தரவு பழுதில்லாமல் வந்து சேர்ந்தால், வாங்கிய கருவி “வந்தாச்சு” என்று பதில் அனுப்ப வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தப் பதில் 10 மைக்ரோநொடி இடைவெளியில் கிளம்பியாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 16 மைக்ரோநொடி. மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லேப்டாப்பின் பிராசஸர் வேகமானதுதான். ஆனால் பிரவுசர், பாட்டு, கீபோர்டு என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவே ‘பத்து மைக்ரோநொடியில் தவறாமல் வந்துவிடுகிறேன்’ என்று அதனால் உறுதி சொல்ல முடியாது. பதில் வராவிட்டால், அனுப்பிய ரூட்டர் தரவு தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடியும் அனுப்பும். அதனால்தான் அவசர வேலையை எல்லாம் கார்டே பார்த்துக்கொள்கிறது.

இந்த மென்பொருளைக் கார்டிலேயே நிரந்தரமாகப் பதித்துவிடலாம். அதற்கு ஃபிளாஷ் மெமரி வேண்டும், காசு கூடும். பெரும்பாலான கம்பெனிகள் அதை மிச்சம் பிடித்து வெறும் ரேம் மட்டும் வைக்கின்றன. மின்சாரம் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். ஆகவே லேப்டாப்பை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபர்ம்வேரை எடுத்துக் கார்டில் ஏற்றுகிறது. விண்டோஸிலும் இதே கதைதான். அங்கே டிரைவரோடு சேர்ந்தே வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

லினக்ஸில் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் பெயர் சொல்லிக் கேட்கும்: இந்த ஃபைலைக் கொடு. கெர்னல் ‘லிப்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபர்ம்வேர்’ ஃபோல்டரில் (/lib/firmware) தேடும். இல்லையென்றால் டிரைவர் வேலையை அத்தோடு நிறுத்திக்கொள்ளும். நெட்வொர்க் மெனுவில் வைஃபை என்ற வரியே வராது. வரி இருந்து, ஆஃப் என்று காட்டினால் அது வேறு கோளாறு. லேப்டாப்பின் வைஃபை ஸ்விட்சையோ, எஃப்என் பட்டனோடு சேர்த்து அமுக்கும் விசையையோ முதலில் பாருங்கள்.

ஃபைலை லினக்ஸோடு சேர்த்தே கொடுக்கலாமே? லினக்ஸில் பல வகை உண்டு. உபுண்டு என்ற வகை பெரும்பாலும் கொடுத்துவிடுகிறது. டெபியன் என்ற வகை பல காலம் கொடுக்கவில்லை, அதுவும் வேண்டுமென்றே. ஃபர்ம்வேரின் மூல நிரலைக் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. யாரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் எங்கள் நிறுவல் டிஸ்க்கில் இருக்கும் என்பது டெபியனின் கொள்கை. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவல் படிமத்திலேயே ஃபர்ம்வேரும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. கொள்கை பெரிதுதான், ஆனால் முதல்முறை லினக்ஸ் போடும் பையன் நெட் இல்லாமல் நின்றால் கொள்கையைப் படிக்கமாட்டான், விண்டோஸுக்குத் திரும்பிவிடுவான். சிக்கல் என்னவென்றால், நம் பக்கம் கைமாறும் பென்டிரைவ்களில் இன்னும் பழைய டெபியன்தான் சுற்றுகிறது.

எந்த ஃபைல் என்று ஊகிக்க வேண்டியதில்லை. கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ‘டிமெசேஜ்’ (dmesg) கட்டளையை, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ (sudo) சேர்த்து ஓட்டினால் கெர்னலின் குறிப்பேடு கொட்டும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். இன்டெல் கார்டு என்றால் ‘ஐடபிள்யூஎல்வைஃபை-7265டி-29’ என்பது போல ஒரு பெயரும், கடைசியில் பிழை எண் -2-ம் நிற்கும். -2 என்றால் அப்படி ஒரு ஃபைல் இல்லை, அவ்வளவுதான். 7265டி கார்டின் மாடல், 29 ஃபர்ம்வேரின் பதிப்பு. டிரைவர் தனக்குத் தெரிந்த உயர்ந்த பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக் கேட்கும் என்பதால் ஒரே பெயர் வேறு வேறு எண்களோடு பல வரிகளில் வரலாம். அந்தத் திரையை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டவுனுக்குப் போய்விட்டு “என்ன கார்டுன்னு தெரியலையே” என்று திரும்பி வருவதைவிட அது லாபம்.

ஃபைல் சிறியது, ஒரு மெகாபைட்டை ஒட்டித்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டால் லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். எந்த ஃபர்ம்வேரும் தேவையில்லை. இதைவிட எளிய வழி கிடையாது. மொட்டை மாடியில் மட்டும் சிக்னல் கிடைக்கும் ஊர் என்றால், அங்கே போனிலேயே ஃபைலை இறக்கி, கீழே வந்து கேபிளில் மாற்றலாம். போனுக்கும் சிக்னல் இல்லையென்றால் பென்டிரைவோடு பஸ் ஏற வேண்டியதுதான். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள், நெட் இல்லாத நிலைமையைக் கற்பனை என்று சொல்லமாட்டார்கள்.

இறக்கும்போது ஒரு பொறி உண்டு. லினக்ஸ் கெர்னலின் ஃபர்ம்வேர் களஞ்சியத்தில் ஃபைல் பெயரை அழுத்தினால் அதைப் பற்றிய பக்கம்தான் திறக்கும். அதைச் சேமித்தால் பெயர் சரியாக இருக்கும், உள்ளே இருப்பது இணையப் பக்கம். டிரைவர் அதைப் படித்துவிட்டு ஏற்காது. ‘பிளெயின்’ (plain) என்ற சுட்டியைத்தான் அழுத்த வேண்டும். அளவு சில பத்து கிலோபைட்டில் நின்றால் சந்தேகப்படுங்கள். டெபியன்காரர்கள் அந்தக் கார்டுக்கான டெப் பொதியையே (நிறுவத் தயாராகக் கட்டிய தொகுப்பு) இறக்கி நிறுவலாம். அது இன்னும் பாதுகாப்பு. தனி ஃபைல் என்றால் சூடோ போட்டு அந்த ஃபர்ம்வேர் ஃபோல்டரில் நகலெடுத்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

இன்டெல், ரியல்டெக் கார்டுகளுக்கு இதோடு வேலை முடிந்தது. ஏதெராஸின் பழைய ஏத்9கே வகைக்கு ஃபைலே வேண்டாம், செருகியதும் ஓடும். படுத்துவது பிராட்காம். அதன் பழைய கார்டுகளின் ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க உரிமம் கிடையாது. ஆகவே டெபியனில் இருக்கும் பி43 நிறுவிப் பொதிக்குள் ஃபர்ம்வேரே இல்லை. நிறுவும்போது அதுவே இணையத்துக்குப் போய் எடுத்துவரப் பார்க்கும். அதைப் பென்டிரைவில் சுமந்து வந்து என்ன பயன்? நெட் உள்ள நண்பரின் லினக்ஸில் அதை நிறுவி, உருவாகும் பி43 ஃபோல்டரை முழுசாக எடுத்துவாருங்கள். பிசிஎம்43142 போன்ற சில கார்டுகளுக்கு அதுவும் உதவாது. டிரைவரையே உங்கள் லேப்டாப்பில் கம்பைல் செய்ய, அதாவது நிரலிலிருந்து உருவாக்க வேண்டும். அதற்கு போன் டெதரிங்கே மேல். இல்லையென்றால் ஏஆர்9271 சிப் வைத்த யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிவிடலாம். அதன் ஃபர்ம்வேர் திறந்த மூலம் என்பதால் டெபியனுக்கும் ஆட்சேபமில்லை.

குறிப்பேட்டில் ‘ரெகுலேட்டரி டிபி’ என்ற ஃபைலும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரலாம். பலர் அதைக் கண்டு பதறி அந்த ஃபைலுக்காக அலைகிறார்கள். எந்த நாட்டில் எந்தச் சேனல், எவ்வளவு சக்தி என்ற பட்டியல் அது. அது இல்லாமலும் வைஃபை ஓடும். ரூட்டர் 12, 13-ஆம் சேனலில் இருந்தால் கண்ணில் படாமல் போகலாம், 5 கிகாஹெர்ட்ஸில் கட்டுப்பாடு கூடலாம். வைஃபை வரியே காணோம் என்றால் குற்றவாளி அது இல்லை, தேட வேண்டியது இன்னொரு வரியை.